பதினோரு கார்களும் சாவி அக்கா விட்ட வார்த்தையும்

சாவி அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இது அவளுக்கும் தெரியும், அவள் வீட்டுக்காரருக்கும் தெரியும், அந்த ஆறு மாடிக் குடியிருப்பில் கார் வைத்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கைவேலை சுத்தமாக இருந்தால் வாய் நீளத்தை உலகம் பொறுத்துக்கொள்ளும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் உலகமும் அப்படித்தான் நடந்துகொண்டது.

அவளுடைய கடை தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடை என்றதும் உள்ளே போய் உட்காரலாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆள் நிற்கலாம், இன்னொரு ஆள் குனியலாம், அவ்வளவுதான். படிக்கட்டு சரிந்து இறங்கும் பக்கம் தலையில் இடிக்கும். புதிதாக வருகிறவர்கள் வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் "ஆ" என்பார்கள். ஒரு மேசை, கழுத்து வளைகிற விளக்கு, பூதக்கண்ணாடி, ஈயம் பற்றவைக்கிற மெல்லிய கோல், சாவி வெட்டும் இயந்திரம், சின்னச் சின்ன டப்பாக்களில் பட்டன் பேட்டரி, ரப்பர் பட்டன், காலிச் சாவிக் கூடு. காரில் சொருகி புதுச் சாவியை அதற்கு அறிமுகம் செய்து வைக்கும் கருவியை மட்டும் துணி சுற்றி உயரத்தில் வைத்திருப்பாள். அதைத் தொட வீட்டுக்காரருக்குக்கூட அனுமதி கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருஷம் பற்றவைத்த கை அது. பிறகு பல வருஷம் சும்மா கிடந்தது. வீட்டுக்காரர் டாக்சி ஓட்டினார். ஒருநாள் அவருடைய ரிமோட் சாவி வேலை செய்யவில்லை. கம்பெனியில் கேட்டால் புதுச் சாவி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இந்த மனிதரை மூன்று வாரம் வீட்டில் வைத்துச் சமாளிப்பதைவிட இதைத் திறந்து பார்த்துவிடுவதே மேல் என்று அக்கா முடிவு செய்தாள். கொண்டை ஊசியால் நெம்பினாள், கூடு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே நகத்தளவு பலகையில் ஒரு இடத்தில் ஈயம் விட்டிருந்தது. தொட்டு வைத்தாள், கார் "கீக்" என்றது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு தொழில் கிடைத்துவிட்டது.

சாவி செய்ய வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவளிடம் ஒரு பாடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"சாவிக்குள்ள இருக்கிறது ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் சார். நீங்க அமுக்கும்போது அது காருக்கு ஒரு நம்பர் சொல்லுது. நேத்து சொன்ன நம்பரை இன்னைக்குச் சொல்லாது. ஒவ்வொரு தடவையும் புது நம்பர். அடுத்து என்ன நம்பர் வரும்னு சாவிக்கும் தெரியும், காருக்கும் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது. திருடன் ஒளிஞ்சு நின்னு கேட்டாலும் அவன் கையில பழைய நம்பர்தான் மிஞ்சும்."

"சரி, நான் தெரியாம பைக்குள்ள அமுக்கிட்டா? கார் பக்கத்துல இல்லையே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் அவளே கேட்டுக்கொள்வாள்.

"சாவி முன்னாடி போயிடும், கார் பின்னாடி நிக்கும். ஆனா கார் பொறுமைசாலி. வரவேண்டிய நம்பருக்கு அடுத்தது, அதுக்கு அடுத்ததுன்னு கொஞ்ச தூரம் பார்த்து, 'சரி, நம்ம ஆளுதான்'னு திறந்துடும். அளவு மீறி ஓடினாத்தான் அடையாளம் தெரியாமப் போகும்."

இவ்வளவும் சொல்லிவிட்டு, "போங்க, பட்டனை நகத்தால குத்தாதீங்க" என்று திட்டி அனுப்புவாள்.

அந்தக் குடியிருப்பில் இருபது கார் உண்டு. இருபதுக்கும் இரண்டாவது சாவி செய்தவள் அவள்தான். அப்படியும் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருக்கு அவள் மேல் ஒரு கண். அவர் தேர்வு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்நேரமும் சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி வைத்திருப்பார். லிஃப்ட் நின்றாலும் எழுதுவார், நின்ற லிஃப்ட் ஓடினாலும் எழுதுவார். போன வருஷக் கூட்டத்தில், "படிக்கு அடியில கடை எதுக்கு? சைக்கிள் நிறுத்தலாமே" என்று பேச்செடுத்தார்.

அப்போதுதான் அக்காவின் வாய் நீண்டது. நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, "நான் கை வச்ச சாவி ஏதாவது ஒன்னு காரைத் திறக்கலேன்னா அன்னைக்கே கடையை மூடிட்டுப் போயிடறேன். எழுதிக்குங்க" என்றாள்.

செயலாளர் எழுதிக்கொண்டார். தேதியும் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தார்.

அக்காவுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு சிநேகிதி. இரண்டாம் மாடியில் கடைசி வீட்டுத் தையல்காரி. இவள் அவளை "ஊசி" என்பாள், அவள் இவளைப் "பூட்டு" என்பாள். ஊசிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். பேசும்போது மட்டும் தன் குரலின் உயரம் அவளுக்குத் தெரியாது. அவள் ரகசியம் சொன்னால் நாலாம் மாடியில் ஜன்னல் திறக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அக்கா மேலே போவாள். ஒருத்தி தைப்பாள், ஒருத்தி டீ போடுவாள், ஊரில் உள்ள எல்லாருடைய தலையையும் இருவரும் சேர்ந்து உருட்டுவார்கள்.

சமீபத்தில் இருவருக்கும் ஒரு சின்ன உரசல். அக்கா வேலை நேரத்தில் போட்டுக்கொள்ள, நிறையப் பை வைத்த மேல்கோட்டு ஒன்றை ஊசி தைத்துக் கொடுத்தாள். "கை இறுக்குது" என்றாள் அக்கா. "அளவு சரியாத்தான் இருக்கு. கைதான் பருத்துப் போச்சு" என்றாள் ஊசி. இது எந்த சிநேகிதத்தையும் முறிக்கிற பேச்சில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா மேலே போய்ப் பெல்லை அமுக்கியபோது கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். மூன்றாவது தடவை கட்டைவிரலால் அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். உள்ளே ஆள் இருந்தால் திறக்க மாட்டாளா? ஓஹோ, ஒரு சட்டைக் கைக்கு இவ்வளவு ரோஷமா என்று இறங்கி வந்துவிட்டாள். வந்தவள் மறுபடி மேலே போகவில்லை.

கலவரம் அதற்கு மறுநாள் தொடங்கியது.

சனிக்கிழமை காலையில் ஐந்தாம் மாடிப் பல் டாக்டர் வந்து, ரிமோட் அமுக்கினால் கார் திறக்கவில்லை என்றார். அக்கா பேட்டரி மாற்றிக் கொடுத்தாள். போனவர் அதே வேகத்தில் திரும்பி வந்தார். மத்தியானம் இன்னும் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை ஆறு. திங்கட்கிழமை கணக்கு பதினொன்று. பின்பக்க வரிசையில் நின்ற கார்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் மாடி வராந்தாவுக்கு நேர் கீழே, முற்றத்தில் நின்ற பதினொன்றும் ஊமையாகிவிட்டன.

யாரும் வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை என்பது உண்மை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறக்கலாம். ரிமோட் போச்சு என்று முடிவு கட்டியவர்கள் வெளியே போன இடத்திலும் அதை அமுக்கிப் பார்க்கவில்லை. ஆனால் அப்படித் திறந்தால் சில கார்களுக்குத் திருடன் வந்துவிட்டான் என்று தோன்றிவிடும். காலை ஏழு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் முற்றத்தில் சைரன் கச்சேரி. குழந்தைகள் ஜன்னலில் நின்று எந்தக் கார் எந்த ராகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் செயலாளர் கடைக்கு வந்தார். தலையில் இடித்துக்கொண்டார். டைரியைத் திறந்தார்.

"போன வருஷம் நீங்க சொன்னதைப் படிக்கட்டுமா?"

"எனக்கே ஞாபகம் இருக்கு சார். ஆனா கம்பெனிச் சாவியும்தான் திறக்கலே. அது நான் செஞ்சது இல்லையே?"

"அதுக்கெல்லாம் பேட்டரி மாத்தினது யாரு? 'கை வச்ச சாவி'ன்னுதான் சொல்லியிருக்கீங்க. என் சாவியும் திறக்கலே. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்குள்ள சரியாகலேன்னா, கடையை என்ன செய்யறதுன்னு ஓட்டுக்கு விடுவேன்."

அவர் போன பிறகு அக்கா, ஆளுக்கு ஒன்றாக மேசைமேல் விட்டுப் போயிருந்த பதினோரு சாவிகளையும் பார்த்தாள். இருபது வருஷம் இந்த இடிக்கிற படிக்கு அடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள். இங்கிருந்து போனால் இன்னொரு இடம் கிடைக்கலாம். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த நாற்பது பேர் பார்க்க வாசலைத் தாண்ட வேண்டும். அதை நினைத்ததும் விளக்கின் கழுத்தைக் கீழே வளைத்து முதல் சாவியை எடுத்தாள்.

பதினோரு சாவியையும் பிரித்துப் பார்த்தாள். ஒன்றிலும் குறையில்லை. சிக்னல் வருகிறதா என்று பார்க்க அவளிடம் முள் வைத்த ஒரு சின்னக் கருவி உண்டு. பட்டனை அமுக்கினால் முள் ஏறும், விட்டால் இறங்கும். சனிக்கிழமையிலிருந்து அது சாவியே இல்லாமல் பாதியில் நின்றது. கிழட்டுக் கருவி, காலம் முடிந்துவிட்டது என்று அக்கா அதன் தலையில் இரண்டு தட்டு தட்டி ஓரமாக வைத்திருந்தாள். இருபது வருஷ அனுபவம் என்பது சில சமயம் இப்படித்தான், எதிரில் நின்று சொல்கிறதைத் தட்டிவிடும்.

விஷயத்தை உடைத்தவர் வீட்டுக்காரர். புதன்கிழமை பல் டாக்டரின் காரை வாங்கிக்கொண்டு பெட்ரோல் போடப் போனார். பழக்கதோஷத்தில் ரிமோட்டை அமுக்கினார். கார் கீக் என்று பூட்டிக்கொண்டது. மறுபடி அமுக்கினார், திறந்தது. அங்கேயே நின்று பத்து தடவை பூட்டித் திறந்து விளையாடிவிட்டு ஓடிவந்தார்.

"இந்தா, சாவி நல்லாத்தான் இருக்கு! நம்ம முற்றம்தான் சரியில்லே!"

அக்கா ஓரமாகக் கிடந்த கருவியை எடுத்து, அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னங்க, எங்கேயோ ஒரு சனியன் விடாம கத்திக்கிட்டு இருக்கு. சாவி சொல்றது காருக்கு எப்படிக் கேக்கும்? சந்தைக்கடையில நின்னு காதுல ரகசியம் சொன்ன மாதிரிதான்."

"யாரு கத்தறது?"

"அதைத்தான் பிடிக்கணும்."

வியாழக்கிழமை கடையைச் சாத்தினாள். காலி பிஸ்கட் டின் ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் திறப்பாக விட்டு, கருவியை அதற்குள் வைத்துக் கட்டினாள். தகரம் மற்ற மூன்று பக்கத்துச் சத்தத்தையும் மறைத்துவிடும். திறந்த பக்கம் எதைப் பார்த்தால் முள் ஏறுகிறதோ அங்கே திருடன். டின்னை நெஞ்சோடு அணைத்து முற்றத்தின் நடுவில் நின்று மெதுவாகச் சுற்றினாள். வீட்டுக்காரர் கையில் குடையோடு கூடவே சுற்றினார். வெயிலில் முள் தெரியாது என்பதால் குடை. மேலே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கலாம்.

முள் துள்ளியது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நேர் எதிரே மூன்றாம் மாடி, செயலாளர் வீட்டு ஜன்னல்.

அக்கா முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். கதவைத் திறந்த செயலாளர் டின்னையும், பின்னாலேயே ஏறி வந்த வீட்டுக்காரரின் குடையையும் பார்த்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுலதான் இருக்கு."

"எது?"

"அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவருடைய மனைவி எல்லா அறையையும் திறந்து காட்டினார். அக்கா அலமாரி, கட்டிலடி, ஃபிரிட்ஜின் முதுகு வரைக்கும் டின்னைக் காட்டினாள். உள்ளே போகப் போக முள் படுத்துவிட்டது. ஜன்னலுக்கு மேலே வெயில் மறைக்க வைத்திருந்த தகரத்தில் பட்டு எதிரொலித்திருக்கிறது, அவ்வளவுதான். செயலாளர் ஒரு வார்த்தை திட்டவில்லை. டைரியை எடுத்து, "வியாழன், காலை பதினொன்றே கால். சந்தேகத்தின் பேரில் என் வீடு சோதனை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். திட்டியிருந்தால் தேவலை.

எதிரொலி அங்கே பட்டதென்றால், கத்துவது அதற்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இரண்டாம் மாடி வராந்தா. அன்றைக்கு மானம் போனது போதும் என்று விட்டுவிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏறினாள். முதல் வீடு, முள் கால்வாசி. இரண்டாவது வீடு, பாதி. மூன்றாவது வீட்டைத் தாண்டியதும் முக்கால். வராந்தாவில் அப்புறம் ஒரே ஒரு வீடுதான் பாக்கி.

ஊசி வீட்டுக் கதவருகில் முள் கோடிக்குப் போய் இடித்து நின்றது.

கதவுச் சட்டத்தில் ஒரு பழைய கார் சாவிக் கூடு ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு பட்டன். அக்கா அதைப் பார்த்தாள். அவளே வெட்டி, அவளே பற்றவைத்து, அவளே ஒட்டியது.

போன வருஷம் ஊசிக்காக அவள் செய்த பெல் அது. வெளியே பட்டனை அமுக்கினால் உள்ளே தையல் மெஷினுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். சாதாரண ரிமோட்டில் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் அது தானே பேச்சை நிறுத்திவிடும். ஊசி குனிந்து தைத்துக்கொண்டிருந்தால் சின்ன மினுக்கலைப் பார்க்க மாட்டாளே என்று, அந்த நிறுத்தத்தை அக்கா பிடுங்கி எறிந்திருந்தாள். விரலை எடுக்கிற வரைக்கும் எரியும். பட்டன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகுமே என்று டார்ச் லைட்டுக்குப் போடும் தடி பேட்டரி இரண்டு வேறு கொடுத்திருந்தாள். ஒரு மாசம் விடாமல் கத்தினாலும் தொண்டை கட்டாது. ஒரு திருடனுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்தவளை உலகத்தில் பார்க்க முடியாது.

ரப்பர் பட்டன் ஒரு பக்கம் கிழிந்து, கூட்டின் விளிம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் தடம்கூட இருந்ததோ என்னவோ. போன வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை, அழுத்து அழுத்தென்று அழுத்தியது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொண்டை ஊசியை உருவி ரப்பரை நெம்பினாள். முள் பொத்தென்று விழுந்தது. அதே நேரம் கீழே முற்றத்தில் ஒரு கார் கீக் கீக் என்றது. யாரோ "ஏய்! திறந்துடுச்சு!" என்று கத்தினார்கள்.

அக்கா வராந்தாவிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு பெல்லை அமுக்கினாள், கதவு திறக்கவில்லை. தட்டிப் பயனில்லை. பையில் இருந்த செய்தித்தாளை மடித்து, கதவுக்கு அடியில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ அந்தத் தாளைக் காலால் மிதித்தார்கள். கதவு திறந்தது.

"என்ன பூட்டு," என்றாள் ஊசி, முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "கை இப்பச் சரியா இருக்கா?"

"நான் போன வெள்ளிக்கிழமை வந்தேன்டி! நீ கதவைத் திறக்கலே!"

"எத்தனை மணிக்கு?"

"வழக்கமான நேரத்துக்குத்தான்."

"நூல் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா விளக்கு எரியுது. ஓடிப் போய்த் திறந்தா யாருமில்லே. மூடிட்டு வந்தா மறுபடி எரியுது. பத்து தடவை ஓடியிருப்பேன். பைத்தியம் பிடிச்ச விளக்குன்னு பிடுங்கி வச்சுட்டேன்."

"கீழே வந்து சொல்றதுக்கென்ன?"

ஊசி கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீயா வருவேன்னு இருந்தேன். வரலே. கை பருத்துப் போச்சுன்னு சொன்னது தப்புன்னு நெனச்சேன். இந்த ஒரு வாரமா என் வீட்டுக்கு யாருமே வரலே பூட்டு. விளக்கு இல்லேன்னா யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. எப்படித் தாழ்ந்தது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் டீ போட்டாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் யோசனை சொன்னார்.

"கழட்டியாச்சு இல்லே? அதோட விடு. காரெல்லாம் திறக்குது, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எதுனால நின்னுதுன்னு யாருக்குத் தெரியும்? கரண்டுக் கோளாறுன்னு சொல்லு."

அக்காவுக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. இரண்டு வாய் சாப்பாடு இறங்கும்வரை பிடித்திருந்தது.

"நான் டின்னைத் தூக்கிக்கிட்டு ரெண்டாம் மாடியில நின்னதை எத்தனை பேர் பார்த்தாங்க? நாளைக்கு யாராவது ஊசி வீட்டு பெல்லுதான் காரணம்னு சொல்லுவாங்க. அவளுக்குக் காது கேக்காதுன்னு அவ முன்னாடியே பேசுவாங்க. அவ உதட்டைப் பார்த்து எல்லாத்தையும் தெரிஞ்சுக்குவா. வேணாங்க. செஞ்சது நானு, அமுக்கினது நானு."

வீட்டுக்காரர் எழுந்து போய், பெட்டி கட்டக் கயிறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். ஊசி முன்வரிசையில், எல்லார் உதடும் தெரிகிற மாதிரி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். அக்கா எழுந்தாள். இறுக்குகிற அந்த மேல்கோட்டைத்தான் போட்டிருந்தாள்.

"கார் திறக்காததுக்குக் காரணம் என் பெல்லு. நான் செஞ்சது. போன வாரம் நானே அமுக்கிச் சிக்க வச்சுட்டேன். அதை வாசல்ல வச்சிருந்த தையல்காரம்மா மேல ஒரு தப்பும் இல்லே. ஊரெல்லாம் தேடினேன், செயலாளர் சார் வீட்டுக் கட்டிலடியில்கூடத் தேடினேன். கடைசியில என் கைவேலையே பல்லைக் காட்டுச்சு. அவ்வளவுதான்."

முதலில் பல் டாக்டர் சிரித்தார். அது ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் பரவியது. கட்டிலடி என்ற இடத்தில் செயலாளரின் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டார்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. டைரியோடு எழுந்தார்.

"பத்துக் கார் திறக்குது, சரி. என் கார் இன்னும் திறக்கலே. இவங்க பேட்டரி மாத்தின சாவிதான். இவங்க சொன்ன வார்த்தைப்படி..."

சிரிப்பு நின்றது. அவர் சாவியை நீட்டி அமுக்கினார். ஒன்பது நாளாக இடத்தைவிட்டு நகராமல் எட்டடி தள்ளி நின்ற அவருடைய பழைய கார் கல்லு மாதிரி நின்றது. மறுபடி அமுக்கினார். வீட்டுக்காரர் கயிறு வைத்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா, எல்லாம் திறந்துவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் விரலைப் பார்த்தாள். அது நிற்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தது.

"சார், இந்த ஒன்பது நாள்ல எத்தனை தடவை அமுக்கியிருப்பீங்க?"

வேறு யாராக இருந்தாலும் "என்னமோ, நாலஞ்சு தடவை" என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். செயலாளர் டைரியைப் புரட்டினார்.

"சாட்சிக்காக எழுதி வச்சிருக்கேன். சனி காலை எட்டு பத்து, இருபத்திமூணு தடவை. சாயங்காலம் முப்பத்தொண்ணு. ஞாயிறு நாப்பது..." உதட்டை அசைத்துக் கூட்டினார். "நானூத்திப் பன்னெண்டு. இப்ப அமுக்கினதைச் சேர்க்காம."

"சாவி ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் முன்னாடி போகும் சார். கார் காதுல ஒன்னும் விழலே, அது நின்ன இடத்துலயே நிக்குது. உங்க கார் வகை இருநூத்தம்பது வரைக்கும் பார்க்கும், அதுக்கு மேல அடையாளம் தெரியாது. நீங்க நானூத்துக்கு மேல போயிட்டீங்க. சாவி நல்ல சாவி. கார் நல்ல கார். ரெண்டையும் ஒரு இடத்துல நிறுத்தி வைக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப நிறுத்துங்க" என்றார் பல் டாக்டர்.

அக்கா செயலாளரைப் பார்த்தாள். "கடை இருக்கா, இல்லையான்னு தெரியலையே."

இப்போது எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் டைரியில் போன வருஷப் பக்கத்தைத் திருப்பி இரண்டு தடவை படித்தார். அவர் நினைத்திருந்தால், வார்த்தை வார்த்தைதான் என்று சாதித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் தேர்வுத்தாளில் அரை மார்க்குகூட அநியாயமாகக் குறைக்காத மனிதர் அவர்.

"சாவி திறக்காததுக்குக் காரணம் சாவியில கை வச்சவங்க இல்லே," என்றார் மெதுவாக. "என் விரல். அது பதிவாகியிருக்கு." பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார், பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். "ஓட்டெடுப்பு தேவையில்லே."

கைதட்டலில் அக்கா இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தாள், சைரனை அலறவிடாமல் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங் பக்கம் சாவியைப் போட்டுத் திருப்பினாள், பூட்டும் பட்டனைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணினாள். கதவுகள் நாலும் டக்கென்று பூட்டித் திறந்தன. சாவியை அவரிடம் கொடுத்தாள். அவர் ஒரே ஒரு தடவை அமுக்கினார். கார் கண்ணைச் சிமிட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா புது ரப்பரும் சின்ன பேட்டரியும் எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனாள். தானே நிறுத்திக்கொள்ளும்படி பெல்லை மாற்றினாள், உள்ளே விளக்கைப் பெரிதாக்கினாள். ஊசி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது மத்தவங்களுக்கு" என்றாள் ஊசி. இடுப்பிலிருந்து எதையோ எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "நீ பெல் அடிக்காதே. திறந்துகிட்டு உள்ள வா."

பித்தளைச் சாவி. வீட்டுக் கதவுச் சாவி. ரேடியோவும் இல்லை, நம்பரும் இல்லை. இருபது வருஷத்தில் எத்தனையோ பேருக்குச் சாவி செய்து கொடுத்தவளுக்கு, உன் வீடு மாதிரி வந்து போ என்று ஒருத்தர் சாவி கொடுத்தது இதுதான் முதல் தடவை. அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கியது. பல் ஒன்று ஆழம் போதாது, ஓரம் ராவவே இல்லை, பிசிறு பிசிறாக இருந்தது.

"இதை எங்கடி வெட்டினே?"

"அடுத்த தெருவுல. உன்கிட்ட வெட்டக் கொடுத்தா உனக்குத் தெரிஞ்சுடுமே" என்றாள் ஊசி.

"சரி, வெளிய போய் ஒரு தடவை திறந்து பாரு" என்று ஊசி அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாவி பூட்டுக்குள் போனது, பாதியில் நின்றது. அக்கா இழுத்தாள், ஆட்டினாள், கொஞ்சம் தூக்கித் திருப்பினாள். அவள் கோட்டுப் பையில் அரம் இருந்தது. இரண்டு இழுப்பு இழுத்தால் வெண்ணெய் மாதிரி திரும்பும். கை பைக்குள் போனது. பிறகு வெறும் கையாக வெளியே வந்தது. இன்னொரு தடவை ஆட்டினாள், கதவு திறந்தது. எதிரே ஊசி நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படி?" என்றாள்.

அக்கா அவள் பார்க்கும்படி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"அருமையான சாவி."